பாம்பனில் பத்து நாள், கையில் ஒரு நோட்டு

வாசகர் கேள்வி – பதில்

கோட்டோவியப் பழக்கத்தை விடுமுறையில் கைவிடாமல் இருப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு, இராமநாதபுரம் மாவட்டப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது கடலோர ஊர் ஒன்றில் வசிப்பவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: ஐயா, திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எட்டு மாதங்களாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் உட்கார்ந்து டம்ளர், கத்தரிக்காய், மகளின் பள்ளிக்கூடப் பை என்று கண்ணில் பட்டதை வரைந்துவிட்டுத்தான் படுக்கிறேன். மே மாதம் பாம்பனில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குக் குடும்பத்தோடு பத்து நாள் செல்கிறோம். சென்ற ஆண்டு கொடைக்கானலுக்கு வண்ணப்பெட்டி, மூன்று நோட்டு, மடக்கு நாற்காலி எல்லாம் எடுத்துச் சென்றும் ஒரு பக்கம்கூட வரையாமல் திரும்பினேன். இந்த முறையும் அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம்?
– வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, எட்டு மாதம் விடாமல் வரைந்திருக்கிறீர்கள் என்பதைப் படிக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு மன உறுதி குறைவு என்று நான் நினைக்க மாட்டேன். வீட்டில் நீங்கள் வரையும் டம்ளரும் கத்தரிக்காயும் உங்களிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை. கொடைக்கானலில் ஏரியையும் மலையையும் பார்த்தவுடன், அவற்றின் அழகுக்குக் குறைவு வராமல் நோட்டில் இறக்க வேண்டும் என்ற கடமை தோளில் ஏறிக்கொண்டிருக்கும். அதற்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும் என்று தோன்றியிருக்கும். பிள்ளைகளோடு போன இடத்தில் இரண்டு மணி நேரம் யாருக்குக் கிடைக்கும்? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளி விடுமுறையே முடிந்திருக்கும். இருபது நிமிடம் அங்கேயும் இருந்திருக்கும், ஆனால் இருபது நிமிடத்தில் முடியக்கூடிய ஒன்றை நீங்கள் தேடியிருக்க மாட்டீர்கள்.

பாம்பனில் இந்தக் கடமை இன்னும் பெரிதாக வந்து நிற்கும். பேருந்து சாலைப் பாலத்தில் ஏறியவுடனேயே ரயில் பாதை கண்ணில் படும். 1914-இல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கதவுகளைப் போல மேல்நோக்கித் திறந்து கப்பலுக்கு வழிவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி படுத்தவாக்கில் அப்படியே நேராக மேலே எழுகிறது. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள பாலத்தை ஒரு நோட்டுப் பக்கத்தில் அடக்கப் பார்த்தால் முதல் நாளே கை சோர்ந்துவிடும். ஏழாவது நாளோ எட்டாவது நாளோ அதனிடம் போங்கள். அப்போதும் ஒரே ஒரு தூணையும் அதன் காலடியில் சுழித்து ஓடும் நீரையும் மட்டும் வரையுங்கள்.

முதல் நாள் காலையில் கடற்கரைக்கு நடந்து போய், கரையேற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு படகைத் தேடிப் பிடியுங்கள். நீங்கள் வரும் மாதம் இதற்கு மிகவும் ஏற்றது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அவையெல்லாம் நங்கூரமிட்டு நிற்கும், அல்லது கரையில் கிடக்கும். எங்கள் பக்கத்து நாட்டுப்படகான வத்தை அந்த நாட்களிலும் கடலுக்குப் போய் வரும் என்றாலும், பலகை மாற்றவும் சாயம் பூசவும் கரையேற்றிய வத்தை ஒன்றாவது எப்போதும் கண்ணில் படும். படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அந்த ஒரு வத்தையையே ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு வாரம் வரையுங்கள். முதல் நாள் பழைய சாயம் செதில் செதிலாக உரிந்து, நீலத்துக்கு அடியில் பச்சையும் பச்சைக்கு அடியில் வெறும் மரமும் தெரியும். இன்னொரு நாள் இடுக்குகளை அடைத்திருப்பார்கள். பிறகு ஒரு நாள் பாதிப் பக்கம் மட்டும் புதுச் சாயத்தில் மினுங்கும். எதை வரைவது என்று ஒவ்வொரு நாளும் தேடும் வேலை இதனால் இல்லாமல் போகிறது. விடுமுறையில் வரைபவரின் நேரத்தை அதிகம் தின்பது அந்தத் தேடல்தான்.

படகு வரைவது கடினம் என்று பயப்பட வேண்டாம். அதன் மேல் விளிம்பை, 8 என்ற எண்ணைப் படுக்க வைத்து இரண்டு பக்கமும் இழுத்துவிட்டது போல ஒரே வீச்சில் போட்டுப் பாருங்கள். உடம்பு அந்தக் கோட்டில் இருந்து தானாகவே இறங்கி வரும். கடல் வானத்தைத் தொடும் கோடு எப்போதும் உங்கள் கண்ணின் உயரத்தில்தான் இருக்கும். மணலில் உட்கார்ந்தால் படகின் விளிம்பு அந்தக் கோட்டுக்கு மேலே எழுந்து நிற்கும், உட்பக்கம் தெரியாது. எழுந்து நின்றால் அந்தக் கோடு விளிம்புக்கு மேலே போய்விடும், உள்ளே கிடக்கும் பலகையும் கயிறும் தெரியும். ஒரு நாள் உட்கார்ந்தும் மறுநாள் நின்றும் வரைந்தால் ஒரே படகு இரண்டு படமாகும். நான் பள்ளியில் கரும்பலகையில் படகு வரைந்தபோது, கடலோரத்துப் பையன் ஒருவன் எழுந்து, "அணியம் இவ்வளவு தாழ இருந்தா தண்ணி உள்ள வந்துரும் சார்" என்றான். அணியம் என்பது படகின் முன்பக்கம். அலையை முதலில் வாங்குவது அதுதான் என்பதால் அது உயர்ந்து நிற்க வேண்டும். அன்றிலிருந்து எந்தப் படகை வரைந்தாலும் முதலில் அணியத்தின் உயரத்தைத்தான் பார்க்கிறேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, உங்கள் இரவு வேளையைப் பாம்பனில் காலை ஆறு மணிக்கு மாற்றிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. இரவில் உறவினர்கள் சூழ இருப்பார்கள், பேச்சு நீளும். காலையில் பிள்ளைகள் எழுவதற்குள் போய்த் திரும்பிவிடலாம், வெயிலும் ஏறியிருக்காது. இந்தக் கடற்கரை ஏறக்குறைய 9 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், மே மாத நண்பகலில் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். நிழல்கள் சுருங்கித் தெற்குப் பக்கம் ஒரு சாண் அளவுக்கு விழும். அந்த வெளிச்சத்தில் படகின் வளைவு முழுவதும் தட்டையாகிவிடும். காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் விழும் நீண்ட நிழல்தான் வளைவை எடுத்துக் காட்டும்.

விருந்துக்குப் போன இடத்தில் நோட்டும் கையுமாகத் தனியே போய் உட்கார்வது நாத்தனாருக்கு வருத்தம் தருமோ என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கலாம். போன அன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். எந்தப் படகு கரையில் கிடக்கிறது, யாருடையது என்பது அவருக்குத்தான் தெரியும். ஒருவேளை அவரே உங்களை அழைத்துச் செல்வார். காலையில் போக முடியாத நாளில் அடுப்படி இருக்கிறது. மீன் வாங்காத நாள் அந்த வீட்டில் அரிதாகத்தான் இருக்கும். நகரையோ காரலோ, அரிவாள்மனைக்குப் போகும் முன் ஒன்றைத் தட்டில் வாங்கி வைத்து ஐந்து நிமிடம் வரையுங்கள். கண், செவுள், வால், உடம்பின் பக்கவாட்டில் நீளமாக ஓடும் பக்கக்கோடு ஆகிய நான்கும் சரியான இடத்தில் விழுந்துவிட்டால் போதும், செதில் ஒவ்வொன்றையும் போட வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கும் ஒரு தாள் கொடுத்தால் அவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

எதுவுமே முடியாத நாளும் ஒன்றிரண்டு வரும். அன்று படுக்கும் முன் தேதியை எழுதி, அதன் கீழ் அன்று பார்த்த கடலின் கோட்டை மட்டும் இழுத்துவிடுங்கள். பாம்பனில் அந்தக் கோடுகூட இரண்டு வகைப்படும். வடக்கே இருக்கும் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் எங்கள் மக்கள் சொல்வார்கள். நீங்கள் வரும் சமயம் தெற்கிலும் மேற்கிலுமிருந்து காற்று வீசுவதால் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் குளம்போலக் கிடக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் இது தலைகீழாகும். ஒன்றுக்கு நேர்க்கோடு, மற்றொன்றுக்கு நடுங்கும் கோடு. அன்றைய பக்கம் அதிலேயே நிறைந்துவிடும்.

வண்ணப்பெட்டியும் நாற்காலியும் திருப்பூரிலேயே இருக்கட்டும். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, கோடு போடாத நோட்டு ஒன்றும் பேனா ஒன்றும் போதும்.

கேள்வி: தனுஷ்கோடியில் உட்கார்ந்து வரைந்தபோது மை பேனா அடைத்துக்கொண்டது, தாள் நெளிந்துவிட்டது, காற்றில் பக்கங்கள் படபடத்தன. கடற்கரைக்கு எந்தப் பொருட்கள் ஏற்றவை? கடல் தண்ணீரையே நீர்வண்ணத்துக்குப் பயன்படுத்தலாமா?
– கல்லூரி மாணவர், பரமக்குடி

பதில்: தம்பி, கடற்கரைக்குப் பந்துமுனைப் பேனாவைவிடச் சிறந்த ஒன்றை நான் இதுவரை காணவில்லை. சாதாரண ரெனால்ட்ஸ் பேனா போதும். அதன் மை எண்ணெய்ப் பதமானது என்பதால் ஈரக்காற்றிலும் சிதறும் துளியிலும் கரைந்து ஓடாது. மெல்லத் தொட்டால் சாம்பல் நிறக் கோடும் அழுத்தினால் கருங்கோடும் கிடைக்கும். ஜெல் பேனா வேண்டாம், ஒரு துளி நீர் பட்டால் கலைந்துவிடும். மை பேனாவின் முனைப் பிளவில் மணல் துகள் ஒன்று புகுந்தாலே போதும், நீங்கள் சொன்னதுதான் நடக்கும். பென்சில் என்றால் 2பி. அதைவிட மென்மையானதை எடுத்தால் கை வியர்வையில் கரி பக்கமெங்கும் தேய்ந்துவிடும்.

தாள் நெளிவதற்குக் காரணம் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதுதான். வரையாத நேரத்தில் நோட்டை பாலிதீன் உறைக்குள் வைத்திருங்கள். பேனாவுக்கு மெல்லிய தாள் போதும். நீர்வண்ணம் பூசுவதாக இருந்தால் 200 ஜி.எஸ்.எம்.-க்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாத தடித்த தாள் வேண்டும். பக்கங்களை இரண்டு துணிக்கிளிப்புகளால் அட்டையோடு சேர்த்துப் பிடித்துவிட்டால் காற்றின் தொல்லை தீரும். தனுஷ்கோடி மணலில் பளிச்சென்ற வெள்ளைத் தாள் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், வெயில் முதுகில் விழும்படி உட்கார்ந்து உங்கள் நிழலையே தாளின் மேல் விழச் செய்யுங்கள். பழுப்பு நிறத் தாள் இன்னும் நல்லது.

கடல் தண்ணீரைத் தூரிகையில் தொட வேண்டாம். நீர் உலர்ந்தாலும் உப்பு தாளிலேயே தங்கி, காற்றின் ஈரத்தை மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டிருக்கும். தூரிகையின் உலோகப் பூணும் அரித்துப்போகும். குடிக்கக் கொண்டுபோகும் பாட்டிலில் நான்கு மூடி அளவு நீர் போதாதா?

கேள்வி: சொந்த ஊர் இராமேசுவரம், வேலை சென்னையில். ஊருக்குப் போகும்போதெல்லாம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தை வரைய ஆசைப்படுகிறேன். உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லாததால் படம் எடுத்து வந்து வரையவும் வழியில்லை. என்ன செய்வது?
– வாசகர், சென்னை

பதில்: படம் எடுக்க முடியாமல் இருப்பதை நான் ஒரு குறையாகவே கருதவில்லை. படம் கையில் இருந்தால் கண் சோம்பிவிடும். பிராகாரத்தில் ஓரமாக உட்கார்ந்து வரைய விரும்பினால் கோயில் அலுவலகத்தில் முறையாகக் கேளுங்கள். தீர்த்தமாடிய ஈரத்துணியோடு அடியார்கள் நடந்து வரும் வழியில் கேட்காமல் உட்கார வேண்டாம். அனுமதி கிடைக்காவிட்டால் நினைவிலிருந்து வரையலாம், அதற்கு ஒரு முறை உண்டு.

அந்தப் பிராகாரத்தில் 1,212 தூண்கள் என்று சொல்வார்கள். அவற்றை எண்ண வேண்டாம். ஒரு முனையில், வழி மறிக்காத இடமாகப் பார்த்து நடுவில் நின்று மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள். உங்கள் கண்ணின் உயரம் முதல் தூணில் எந்த இடத்தில் விழுகிறது? தூண்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் முன் எத்தனை தூண்கள் தனித்தனியாகத் தெரிகின்றன? இடப்பக்கத்து மேடையின் விளிம்பும் மேற்கூரையின் விளிம்பும் எந்த இடத்தில் சந்திக்கின்றன? மேடையின் கோடு மேலேறி வரும், கூரையின் கோடு கீழிறங்கி வரும். இரண்டும் உங்கள் கண் உயரத்தில் ஒரே புள்ளியில் முடியும். இந்த மூன்றையும் மனத்தில் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ரதவீதியில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்குள் வரைந்துவிடுங்கள். மறுநாள் மறுபடி போய், எங்கே தவறினீர்கள் என்று பார்த்துவிட்டு வந்து திருத்துங்கள். நான்காவது முறை வரையும்போது, எந்தப் புகைப்படத்திலும் இல்லாத ஒன்று உங்கள் தாளில் இருக்கும்: நடக்க நடக்கத் தூண்கள் நெருங்கி வந்து விலகும் அந்த அனுபவம்.

ஆனந்த விகடன் இதழுக்காகத் தென்னாட்டுக் கோயில்களுக்கு நேரில் சென்று, சிற்பங்களின் முன் அமர்ந்து வரைந்த ஓவியர் சில்பியின் கோடுகளைப் பழைய இதழ்களில் தேடிப் பாருங்கள். கல்லின் மேல் விழும் வெளிச்சத்தை அவர் கோட்டிலேயே கொண்டு வந்திருப்பதைப் பார்த்த பிறகு, தூணைப் பார்க்கும் விதமே மாறிவிடும். ஊருக்குப் போகும் வழியில் இராமநாதபுரத்தில் இறங்க முடிந்தால் அரண்மனையில் உள்ள இராமலிங்க விலாசத்துக்கும் போய் வாருங்கள். சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்கள் அங்கே சுவர் முழுவதும் இருக்கின்றன. இராஜராஜேஸ்வரி அம்மனிடமிருந்து சேதுபதி செங்கோல் பெறும் காட்சியும், மராட்டியரோடு நடந்த போர்க் காட்சியும் உண்டு. போர்க் காட்சியில் குதிரைகளின் கால்களை மட்டும் பாருங்கள். கூட்டத்தைக் கோட்டால் எப்படிக் காட்டுவது என்பதை அந்தக் கால்களிலிருந்தே நான் கற்றுக்கொண்டேன்.

கேள்வி: விடுமுறையில் பாசி எடுக்கும் பெண்களையும் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தையும் வரைய விரும்புகிறேன். ஆனால் நோட்டைத் திறந்தவுடன் கூட்டம் கூடிவிடுகிறது, கை நடுங்குகிறது. மனிதர்களை வரைவது சரியா என்றும் குழப்பமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் குழப்பம் நியாயமானது, அது உங்களிடம் இருப்பது நல்லது. கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், பாறை கிழித்துவிடாமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு வேலை செய்பவர்கள். அவர்கள் நீருக்குள் இருக்கும்போது தூரத்தில் நின்று திருட்டுத்தனமாக வரைவதை நான் விரும்பவில்லை. கரைக்கு வந்து பாசியை உதறிப் பிரித்துப் போடும் வேளையில் பக்கத்தில் போய், "அக்கா, உங்க கையை வரையலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் நோட்டை மூடிவிடுங்கள். சரி என்றால் முகத்தை விட்டுவிட்டு அந்தக் கைகளை மட்டும் வரையுங்கள். ஈரத்துணி சுற்றிய விரல், அதன் மடிப்பு, விரல் நுனியில் தெரியும் நகம். முடித்தவுடன் அவர்களிடம் காட்டுங்கள். துணியின் முடிச்சு எந்தப் பக்கம் வரும் என்று அவர்கள் சொல்லும் திருத்தத்தை அங்கேயே போட்டுவிட்டால், சுற்றி நிற்பவர்களும் வேடிக்கை பார்ப்பதை விட்டு உங்களுக்கு உதவத் தொடங்குவார்கள். கை நடுக்கமும் அடங்கிவிடும்.

தேவாலயத்தைப் பொறுத்தவரை, 1964 டிசம்பர் புயலில் அந்த ஊர் எத்தனையோ உயிர்களோடு அழிந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். முழுக் கட்டடத்தையும் எல்லோரும் ஒரே கோணத்தில் வரைகிறார்கள். நீங்கள் சுவருக்கு அருகில் போங்கள். அந்தச் சுவர் பவளப்பாறைக் கற்களால் கட்டப்பட்டது. ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்தால் கல்லில் பூவைப் போன்ற சிறு சிறு குழிகள் வரிசையாகத் தெரியும், ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்த பவளத்தின் தடங்கள் அவை. ஒரே ஒரு கல்லை வரையுங்கள். சுவரைத் தொட்டுச் சுரண்ட வேண்டாம். இருட்டுவதற்கு முன் திரும்பிவிட வேண்டிய இடம் என்பதால் பிற்பகல் மூன்றரை மணிக்கே போய்ச் சேர்ந்துவிடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கடற்கரை எல்லைப்பகுதி. கடற்படை, கடலோரக் காவல்படை இடங்களின் அருகில் நோட்டைத் திறக்க வேண்டாம். யாராவது விசாரித்தால் பக்கங்களைத் திறந்து காட்டிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு விடுமுறையில் வரைவது எளிதாக இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகுதான் நோட்டு மூடியது மூடியபடியே கிடக்கிறது. இதற்கு என்ன வழி?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கடைசி நாள் படத்தை முடிக்காமல் கொண்டு வாருங்கள். முதல் கடிதம் எழுதிய திருப்பூர் சகோதரிக்கும் இது பொருந்தும். பத்தாம் நாள் காலையில் வத்தையின் உடம்பையும் அணியத்தையும் நிழலையும் போட்டுவிட்டு, அணியத்திலிருந்து முளைக்குப் போகும் கயிற்றை மட்டும் விட்டுவிடுங்கள். கயிறு எப்படித் தொய்ந்து கிடந்தது, மணலில் எங்கே தொட்டது, முளையில் எத்தனை சுற்று என்பதைப் படத்தின் ஓரத்தில் இரண்டு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். ஊர் போய்ச் சேர்ந்த அன்று இரவு, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தக் கயிற்றை வரைந்துவிடுங்கள்.